பல்கனித் தொட்டி முதல் சொதிச் சட்டி வரை: தேசிக்காய்க்கு ஒரு வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு வழக்கம் உண்டு. தேசிக்காய் விலை ஏறும்போதெல்லாம் யாராவது ஒரு வீட்டார் கன்று வாங்கி வந்து பல்கனியில் வைப்பார்கள். மூன்றாம் மாதம் இலை மஞ்சளாகும். ஆறாம் மாதம் தொட்டி வெறுமையாகும். அதற்குள் விலையும் இறங்கிவிடும். நானும் அப்படி இரண்டு கன்றுகளை அநியாயமாகக் கொன்றிருக்கிறேன். மூன்றாவது நிற்கிறது, ஏழு வருடமாகக் காய்க்கிறது. மூன்றுக்கும் நான் செய்த வேலைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், செய்த நேரம்தான் வேறு. தண்ணீரை எப்போது நிறுத்துவது, காயை எப்போது பறிப்பது, சட்டியில் எப்போது பிழிவது என்று தேசிக்காய் விஷயம் முழுக்க இந்த ‘எப்போது’வில்தான் நிற்கிறது.

முதலில், எந்தக் காய்?

யாழ்ப்பாணத்தார் தேசிக்காய் என்பார்கள், மலையகத்தார் எலுமிச்சை என்பார்கள், சந்தைக்காரர் சிங்களத்தில் ‘தெஹி’ என்று சொல்லி நிறுப்பார். மூன்றும் ஒன்றுதான்: மெல்லிய தோல், சின்ன உருண்டை, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் காய். சுப்பர்மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, முனை கூராக, தடித்த மஞ்சள் தோலோடு கிடப்பது ‘லெமன்’. அது வேறு மரம், பெரும்பாலும் இறக்குமதி. லெமன் நாரத்தை வகைப் புளித் தோடைக்கும் கடாரங்காய்க்கும் பிறந்தது. நம்முடைய தேசி, கடாரங்காய்க்கும் தென்கிழக்காசியக் காட்டு வகையொன்றுக்கும் பிறந்தது. ஒருவிதத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். லெமனுக்குக் கொஞ்சம் குளிர் பிடிக்கும். கொழும்பின் புழுக்கத்தைத் தாங்குவது தேசிதான். ஆகவே இங்கே வளர்ப்பதற்குத் தேசியை எடுங்கள். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து லெமன் கன்று தேடி அலைய வேண்டாம்.

நம் சந்தைக்கு வரும் காய் பெரும்பாலும் மொனராகலை, அம்பாந்தோட்டை போன்ற உலர்வலயத்திலிருந்து வருகிறது. அங்கே மழை நின்று, காய்ந்து, மீண்டும் மழை விழும்போது மரங்கள் ஒன்றாகப் பூக்கின்றன. அதனால் காயும் ஒன்றாக வருகிறது. விலை ஒரு காலம் தரையில் கிடந்து இன்னொரு காலம் கிலோ ஆயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். முதலில் வறட்சி, பிறகு மழை என்ற இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பிறகு வேண்டும்.

கன்று: விதையா, ஒட்டா?

விதையிலிருந்து வளர்த்தால் தாய் மரம் போல வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். மாம்பழத்தில் அது பல இனங்களுக்குச் சரி. தேசியில் ஒரு வினோதம் இருக்கிறது: ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உண்டானவை அல்ல, தாய் மரத்தின் திசுவிலிருந்தே நேராக வந்தவை. அதனால் நல்ல காயின் விதையைப் போட்டால் அநேகமாக அதே காய் கிடைக்கும். விதையைக் காயவிடாமல், பிழிந்த அன்றே கழுவி ஒரு சென்றிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும். ஆனால் காய்க்க நாலைந்து வருடம் ஆகும், முள்ளும் அதிகம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த முள்ளை யோசிக்க வேண்டும்.

ஒட்டுக்கன்று, அதாவது வேறொரு வகையின் வேரில் நல்ல மரத்தின் துண்டை ஒட்டியது, இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். வாங்கும்போது ஒட்டின் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். தழும்புக்குக் கீழே துளிர் இருந்தால் அந்த இடத்திலேயே கிள்ளிவிடச் சொல்லுங்கள். என் இரண்டாவது கன்றில் கீழிருந்து வந்த துளிரை ‘நல்லா வளருது’ என்று சந்தோஷப்பட்டு விட்டுவைத்தேன். மேலே இருந்த ஒட்டு பட்டுப்போய், கீழிருந்த காட்டு வேர்தான் முள்ளும் தானுமாக எழுந்து நின்றது.

தொட்டியும் மண்ணும்

நாற்பது ஐம்பது லீற்றர் பிடிக்கும் பாத்திரம் வேண்டும். பெயின்ற் வாளி முதல் வருடத்துக்குப் போதும், அதற்கப்புறம் நீலப் பீப்பாயைப் பாதியாக வெட்டியது நல்லது. அடியில் ஐந்தாறு துளை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் போகுமளவு.

வெறும் மண் தொட்டியில் இறுகும், ஈரம் பிடித்தால் விடாது. ஒரு பங்கு மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு, ஒரு பங்கு ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்தது. தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள், அதில் உப்பு இருக்கலாம். தேசிக்கு உப்பு எதிரி. கடற்கரை ரயில்பாதைப் பக்கம் பார்த்த பல்கனி என்றால் உப்புக் காற்றே இலை நுனியைக் கருக்கும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள், காலையிலேயே, வெயிலில் காயும்படி.

ஆறு மணி நேர நேர் வெயில் இல்லாத பல்கனியில் இலை வரும், காய் வராது. அப்படிப்பட்ட வீட்டில் தேசிக்கு மொட்டை மாடியில் இடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கறிவேப்பிலை வளர்த்துவிட்டுத் திருப்திப்படுங்கள்.

இன்னொன்று, இது கொழும்பில் விளையாட்டு இல்லை: தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு. அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் வழக்கு வரை போகலாம். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள்.

தண்ணீர் எப்போது, பட்டினி எப்போது

என் முதல் கன்று தாகத்தில் சாகவில்லை, மூழ்கிச் செத்தது. காலையும் மாலையும் ஒரு வாளி ஊற்றினேன். இலை மஞ்சளானது, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை வாடித்தான் போகும். தொட்டியில் விரலை இரண்டு மூட்டு வரை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வழியும்வரை ஒரே தடவையில் விடுங்கள். தினமும் ஒரு கோப்பை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேரும் மேலேயே நிற்கும்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்கினால் தொட்டியைச் சுவரோரம், கூரைக்குக் கீழே தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கும் இதேதான்.

இப்போது அந்த மொனராகலைக் கணக்கு. கொழும்பில் மரம் நன்றாகத் தழைத்தும் பூக்காமல் நிற்பதற்குக் காரணம், அது ஒருநாளும் தாகப்படுவதில்லை. ஆகவே நாம் தாகத்தை உண்டாக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரி இங்கே மழை குறைந்த காலம். அப்போது தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, இலை மத்தியானத்தில் லேசாகச் சுருளும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூன்று நாலு கிழமை அப்படியே விடுங்கள். இலை கொட்டத் தொடங்கினால் அது அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஒருநாள் கூட்டெரு போட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். சில கிழமைகளில் வெள்ளை மொட்டுத் தெரியும். பிள்ளையைப் பட்டினி போடுவது போல முதல் தடவை மனம் கஷ்டப்படும். என் மாமி ஒளித்து ஒளித்துத் தண்ணீர் ஊற்றியதில் ஒரு வருடப் பூவே போனது.

பூவில் பெரும்பகுதி உதிரும், பட்டாணி அளவுப் பிஞ்சும் உதிரும். அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

உரம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை கூட்டெரு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு, நாகம் (துத்தநாகம்) போன்ற நுண்சத்துக் குறைவு. அடிப் பழைய இலை மஞ்சளானால் மக்னீசியம் அல்லது நைதரசன். இரண்டு நிலையிலும் முதலில் வடிகாலைப் பாருங்கள். ஈரத்தில் மூச்சுத்திணறும் வேர், மண்ணில் உரம் இருந்தும் எடுக்காது.

யார் யார் வருவார்கள்

இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். துடைக்கப் போனால் நகரும். அது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். ஐந்தாறு புழு போதும், ஒரு சின்னக் கன்று மொட்டையாகிவிடும். கையால் பொறுக்குங்கள், மருந்து வேண்டாம். கறிவேப்பிலையும் தேசியின் குடும்பம்தான். பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் புழுவை அங்கே குடியேற்றலாம். எங்கள் வீட்டில் மகளின் கட்டளைப்படி வருடத்துக்கு இரண்டு புழுவுக்கு விலக்கு உண்டு.

இளம் இலையில் வெள்ளிக்கோடு போல வளைந்து வளைந்து போவது இலைச் சுரங்கப் பூச்சி. பார்க்க அசிங்கம், பெரிய ஆபத்தில்லை. ஆனால் அந்தக் காயத்தின் வழியே வரும் சொறிநோய் ஆபத்து. இலையிலும் காயிலும் தக்கை போல எழும்பிய மண்ணிறப் புள்ளி, சுற்றிவர மஞ்சள் வளையம். இது பக்டீரியா நோய், மழைத்துளி தெறித்துப் பரவும். பட்ட கிளையை வெயில் நாளில் வெட்டிக் குப்பையில் போட்டு, கத்தரியைக் கழுவுங்கள். இந்த நோய் கண்ட மரத்தில் இலை மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். எறும்பு வரிசை ஏறினால் எங்கோ வெள்ளைப்பூச்சி இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரத்தில் கழுவிவிடுங்கள்.

பறிப்பதும் வாங்குவதும்

பூத்து நாலைந்து மாதத்தில் காய் முற்றும். கரும்பச்சை வெளுத்து, தோல் வழவழப்பாகி, அமுக்கினால் லேசாகக் கொடுக்கும்போது பறியுங்கள். முழு மஞ்சள் வரை விட்டால் சாறு இன்னும் கூடும், ஆனால் கடைக்காரர் விரும்பமாட்டார், சீக்கிரம் கெடும் என்பதால். நம் வீட்டு மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. மழை நனைந்த காயைப் பறிக்க வேண்டாம். அப்போது தோல் விறைத்திருக்கும். சின்ன இடிபாட்டில் எண்ணெய்ப் பை உடைந்து, பட்ட இடம் பழுப்பாகும். காலை வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும், காம்புக் குமிழ் காயோடு இருக்கும்படி கத்தரியால் வெட்டுங்கள்.

பறித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தோல் எண்ணெய் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து, கருந்தழும்பு பல கிழமை நிற்கும். தேசிக்காயை முகத்தில் தேய்த்தால் நிறம் வரும் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சந்தையில் வாங்கும்போது கண்ணைவிடக் கையை நம்புங்கள். ஒரே அளவில் இரண்டைத் தூக்கினால் கனமானதில் சாறு இருக்கும். சொரசொரப்பான தடித்த தோலைத் தள்ளுங்கள். வெளியே வைத்தால் ஒரு கிழமையில் காய்ந்து கல்லாகும். பையில் கட்டிப் பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தால் மூன்று நாலு கிழமை வரும். மலிவான காலத்தில் பிழிந்து ஐஸ்கட்டித் தட்டில் உறையவைத்துக்கொள்ளுங்கள். ருசி கொஞ்சம் இறங்கும், தேநீருக்கும் மீன் கழுவவும் போதும்.

சத்து: கேள்விப்பட்டதும் உள்ளதும்

தேசிச் சாற்றில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் விற்றமின் சி. லெமன் சாற்றில் 39 அளவு. கொய்யாவில் 200க்கு மேல். இரண்டு தேசிக்காய் பிழிந்தால் சுமார் 40 மில்லிலீற்றர், அதாவது 12 மில்லிகிராம். பெரியவருக்கு ஒருநாள் தேவை 75 முதல் 90. விற்றமின் சிக்காகத் தேசிக்காயை நம்புவதைவிட இரண்டு துண்டு கொய்யாப்பழம் நல்லது.

இதை ஒரு பெரிய கடற்படையே கஷ்டப்பட்டுக் கற்றது. 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், விற்றமின் சி குறைவால் வரும் ஸ்கேவி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். தினம் இரண்டு தோடம்பழமும் ஒரு லெமனும் தின்ற இருவர்தான் மளமளவென்று எழுந்தார்கள். 1795ல் பிரித்தானியக் கடற்படை லெமன் சாறு கொடுக்கத் தொடங்கியது, நோய் ஓடியது. 1860களில், மேற்கிந்தியத் தீவுகளில் விளைகிறதே என்று லெமனை விட்டுத் தேசிக்கு மாறினார்கள். சத்துக் குறைந்த காய். போதாக்குறைக்கு நாட்கணக்கில் வைத்த சாறு, செப்புக் குழாயில் ஓடிய சாறு. 1875ல் வடதுருவம் நோக்கிப் போன குழுவில் ஸ்கேவி திரும்ப வந்தது. சாறு இருந்தது, அதற்குள் சத்துத்தான் இல்லை.

அப்படியானால் தேசிக்காயால் என்ன பயன்? உணவோடு சேர்வதுதான். கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுக்காது, அதே நேரத்தில் விற்றமின் சி சேர்ந்தால் கூடுதலாக எடுக்கும். வல்லாரைச் சம்பலில் தேசிப்புளி விடும் பழக்கம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். சாப்பாடு முடிந்த கையோடு பால் தேநீர் குடித்தால் அந்த இலாபம் குறைந்துபோகும், தேயிலை இரும்பைப் பிடித்துவைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்.

இரண்டாவது, புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. பிரஷர் உள்ளவர் வீட்டில் இது பெரிய உதவி. மூன்றாவது, சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சித்திரிக் அமிலம். சிலவகைச் சிறுநீரகக் கல் உருவாவதை சித்திரேற்று தடுக்க உதவும், கூடவே தண்ணீரும் நிறையக் குடித்தால். விடிய வெறும் வயிற்றில் தேனும் தேசியும் குடித்தால் கொழுப்புக் கரையும் என்பது கதை. நெஞ்செரிவு உள்ளவருக்கு அது எரிவைத்தான் கூட்டும். பல்லுக்கும் அமிலம் ஆகாது, குடித்ததும் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் தீட்ட வேண்டாம். வயிற்றோட்டத்துக்குத் தேசித் தண்ணீரை நம்பி இருக்காமல் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள்.

சட்டியில்

அந்தக் காலக் கப்பல் சாற்றுக்கு நடந்ததுதான் அடுப்பிலும் நடக்கும். வெட்டிப் பிழிந்து வைத்த சாறு நேரம் போகப் போகக் கைக்கும். கொதித்தால் கைப்பு இன்னும் கூடும், மணமும் ஆவியாகும். அதனால்தான் யாழ்ப்பாணத்து அம்மாமார் தேங்காய்ப்பால் சொதிக்கு ஒரே ஒரு கட்டளை வைத்திருந்தார்கள்: “அடுப்பால இறக்கிப்போட்டு விடுங்கோ.”

சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சளை இரண்டாம் பாலில் அவியவிடுங்கள். முதற்பால் விட்டு, துழாவிக்கொண்டே, நுரை எழும்பும்போதே இறக்குங்கள். மூன்று நாலு நிமிடம் ஆறட்டும். பிறகு ஒரு தேசிக்காயைப் பிழிந்து, உடனே துழாவுங்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்து கட்டி கட்டியாகும். உப்பை அதற்குப் பிறகு ருசி பாருங்கள். முன்னால் போட்டால் கூடித்தான் போகும்.

சம்பலுக்கும் இதே நியாயம். இடித்து, குழைத்து, கோப்பையில் போட்ட பிறகுதான் புளி. மீனை மட்டும் முன்கூட்டியே தேசிப்புளியும் மஞ்சளும் உப்பும் பூசிப் பத்து நிமிடம் வைக்கலாம். அரை மணி வைத்தால் மேற்சதை வெளுத்து மாவாகும். தேசி இளம் இலையைக் கசக்கி மோரில் போடுங்கள், காய் விலை ஏறிய நாட்களில் மரம் தரும் சும்மா கொடை அது.

பிழியும் முன் காயை மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். விதை நசுங்கினாலும் கைப்பு வரும், ஆகவே நடுத்தண்டை விட்டு மூன்று கன்னமாக வெட்டிப் பிழிவது எனக்குப் பிடித்த முறை.

ஊறுகாய், வெயில் இருக்கும்போது

கடைசியாக, மலிவான மாதத்துக் காயை வருடம் முழுக்க வைத்திருக்கும் வேலை. ஒரு கிலோ மஞ்சள் தேசிக்காய், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கல்லுப்பு. காயைக் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றில் வையுங்கள். அடி பிரியாமல் நாலாகக் கீறி, உப்பை அடைத்து, கண்ணாடிப் போத்தலில் அமுக்குங்கள். அலுமினியம், பித்தளை கிட்டேயும் வரக்கூடாது. மூன்று நாள் தினமும் குலுக்குங்கள், சாறு ஊறி மேலே வரும். பிறகு காயை மட்டும் எடுத்துச் சுளகில் பரப்பி வெயிலில் வையுங்கள். பொழுதுபட்டதும் திரும்பவும் அதே சாற்றுக்குள். சாறு முழுக்க இழுபட்டு, தோல் மண்ணிறமாகிச் சுருங்கும்வரை இதே வேலை.

நல்ல வெயிலில் எட்டுப் பத்து நாள் பிடிக்கும். பெப்ரவரியில் தொடங்கினால் முடித்துவிடலாம். ஜூனில் தொடங்கி, மத்தியானம் அலுவலகத்தில் இருக்கும்போது வானம் இருண்டு, வீட்டுக்குப் போன் எடுத்து “சுளகை உள்ளே எடுங்கோ” என்று கத்தியவள் நான். எடுக்க ஆளில்லை. நனைந்தது பூசணம் பிடித்தது, ஒரு கிலோவும் குப்பைக்குப் போனது.

ஊறியதைப் பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழி ‘லுணு தெஹி’ என்று சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை சீனியோடு தேங்காய்ப்பாலில் பிசைவாள். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் சேர்த்துக் கஞ்சிக்கு. உப்பு மலைபோல இருக்கும், ஆகவே ஒரு கீற்று, அவ்வளவுதான். காய்ந்த கரண்டியால் எடுங்கள்.